வீட்டிலேயே ஒரு சி.என்.சி. எந்திரம்: ஒரு நூலும் சில கேள்விகளும்

மரப்பலகையில் பூவேலை செய்யும் தச்சரின் கை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உளி எந்த இடத்திற்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒன்று. அந்த இடத்தில் உளியை வழுவாமல், அசையாமல் பிடித்திருப்பது மற்றொன்று. முதல் வேலையைக் கணிப்பொறியிடமும், இரண்டாவது வேலையைத் திருகு, தண்டவாளம், மோட்டார் ஆகியவற்றிடமும் ஒப்படைத்தால் நமக்குக் கிடைப்பதே சி.என்.சி. ரூட்டர் என்னும் எந்திரம். மேசை போன்ற ஒரு சட்டத்தின்மேல், மிக வேகமாகச் சுழலும் வெட்டுமுனை ஒன்று முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழுமாக நகர்ந்து மரம், பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியம் ஆகியவற்றைச் செதுக்குகிறது.

இத்தகைய எந்திரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்லும் நூல்களுள் பலரும் அறிந்தது ‘பில்ட் யுவர் ஓன் சி.என்.சி. மெஷின்’ என்பது. பேட்ரிக் ஹூட்-டேனியல், ஜேம்ஸ் ஃபிளாய்ட் கெல்லி ஆகிய இரு அமெரிக்கர்கள் எழுதிய இந்நூலை ஏபிரஸ் நிறுவனம் 2009இல் வெளியிட்டது. நம் பாலிடெக்னிக் மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் இறுதியாண்டுத் திட்டப் பணிக்கு இவ்வகை எந்திரத்தையே அடிக்கடி தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே நூல் சொல்லும் வழி சென்னைக்கு எந்த அளவு பொருந்தும் என்று சீர்தூக்கிப் பார்ப்பது பயனுடையது.

நூலின் வாக்குறுதி

எளிய மரவேலை தெரிந்தால் போதும். 500 முதல் 1,000 டாலர் வரை செலவாகும். வட்ட ரம்பமும் வீட்டில் வழக்கமாக இருக்கும் கருவிகளும் இருந்தால் எவரும் இதைச் செய்துவிடலாம். இதுவே நூலாசிரியர்கள் வாசகருக்குத் தரும் வாக்குறுதி. 2009ஆம் ஆண்டின் மாற்று விகிதப்படி இது ஏறத்தாழ 24,000 முதல் 48,000 ரூபாய் வரை ஆகும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய பணி என்றும், பள்ளித் தொழிற்கூடங்களுக்கு ஏற்றது என்றும் அவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

இந்த வாக்குறுதியின் அருமையை உணர வேண்டுமானால் பழைய கதையைச் சற்று நினைவுகூர வேண்டும். எண்களால் கட்டுப்படுத்தப்படும் வெட்டும் எந்திரம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952இல் செய்து காட்டப்பட்டது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணமே அதற்கு வித்து. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் இருந்தன.  நெடுங்காலம் இத்தகைய எந்திரங்கள் பெரிய தொழிற்சாலைகளின் தனியுடைமையாகவே இருந்தன. இன்று அதே மூளை வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்னணுப் பலகை செய்துவிடுகிறது. ‘இதில் மந்திரம் ஏதும் இல்லை, பிரித்துப் பார்த்தால் உனக்கும் புரியும்’ என்று சாதாரண வாசகருக்குத் துணிவூட்டிய சிறப்பு இந்நூலுக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

மூளை மலிவாகிவிட்டது

நூல் வெளிவந்த அதே 2009ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் ‘ஜிஆர்பிஎல்’ என்ற கட்டுப்பாட்டு நிரலை இலவசமாக வெளியிட்டார். அதுவரை இவ்வகை வீட்டு எந்திரங்கள் பெரும்பாலும் கணிப்பொறியின் அச்சுப்பொறி வாயில் வழியாகவே இயக்கப்பட்டன. இன்றைய கணிப்பொறிகளில் அந்த வாயிலே கிடையாது. ஜிஆர்பிஎல் நிரலோ ஆர்டுயினோ என்னும் சிறிய பலகையில் ஓடுகிறது. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். ஆயினும் அது வினாடிக்கு 30,000 துடிப்புகள் வரை மோட்டார்களுக்கு அனுப்ப வல்லது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பலகை, ஓட்டிச் சுற்றுகள், மோட்டார், மின்வழங்கி அனைத்தையும் ஒரே மாலையில் வாங்கிவிடலாம்.

கட்டளை மொழியும் கடினமானதன்று. ‘ஜி1 எக்ஸ்40 எஃப்300’ என்று எழுதினால், ‘எக்ஸ் அச்சில் 40 மில்லிமீட்டர் என்ற இடத்திற்கு, நிமிடத்திற்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில், நேர்கோட்டில் செல்’ என்று பொருள். தமிழ்வழியில் படித்த மாணவர்கள் ஒரு வாரப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

ஆக, தச்சரின் கை செய்யும் முதல் வேலை மலிவாகிவிட்டது. சிக்கல் இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. அசையாமல் பிடிக்கும் வேலை 1952இல் எவ்வளவு கடினமாக இருந்ததோ அவ்வளவு கடினமாகவே இன்றும் உள்ளது. ஏனெனில் இரும்பு வளைவதற்கான விதி கணிப்பொறி வளர்ந்ததால் மாறிவிடவில்லை.

துல்லியம் என்னும் மாயை

எந்திரத்தை விற்பவரும் செய்பவரும் பெருமையாகச் சொல்வது அதன் துல்லியத்தை. அந்தக் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு துடிப்புக்கு 1.8 பாகை திரும்பும். அதாவது 200 துடிப்புகளில் ஒரு முழுச் சுற்று. அதனுடன் இணைந்த திருகு ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்துமானால், ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர் நகர்வு கிடைக்கும். ஒவ்வொரு படியையும் ஓட்டிச் சுற்று 16 நுண்படிகளாகப் பிரித்தால் 0.0025 மில்லிமீட்டர் என்று கணக்கு வருகிறது. தலைமயிரின் தடிமனில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை! இந்த எண்ணைத்தான் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் காண்கிறோம்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சிறு எந்திரங்களில் வெட்டும் பகுதி 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளின்மேல் ஓடுகிறது. கம்பிகள் இரு முனைகளில் மட்டுமே தாங்கப்பட்டுள்ளன. முனைகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரத்தை வெட்டும்போது ஏறத்தாழ 2 கிலோ எடை தரும் அளவுக்கு விசை நடுவில் அழுத்தினால் அந்த இரு கம்பிகளும் சேர்ந்து 0.06 மில்லிமீட்டர் அளவுக்கு வளையும். நாம் பெருமையாகச் சொன்ன நுண்படியைப்போல் இது இருபது மடங்குக்கும் மேல்!

பெரிய எந்திரமாகச் செய்யலாமே என்று ஆசைப்பட்டு அதே கம்பியை 60 சென்டிமீட்டர் நீளத்திற்குப் போட்டால் வளைவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதே காரணம். அப்போது அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டரை எட்டிவிடும். ஆனால் கம்பியின் குறுக்களவை இரட்டிப்பாக்கினால் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்ட மாணவர், விலையுயர்ந்த ஓட்டிச் சுற்றை வாங்க வைத்திருந்த பணத்தைத் தடித்த கம்பிக்குச் செலவிடுவார்.

இங்குதான் நாம் மதிப்பிடும் நூலின் வடிவமைப்பு இன்றைய ஆயத்தப் பெட்டிகளைவிட மேலானதாகத் தெரிகிறது. அதில் அலுமினியக் கோண வார்ப்பட்டைகளே தண்டவாளம். அவை பலகையின் ஓரத்தில் நீளம் முழுவதும் படிந்து நிற்கின்றன. சறுக்குச் சக்கரங்களில் பயன்படும் சிறு பேரிங்குகள் அவற்றின்மேல் உருண்டு செல்கின்றன. நீளம் முழுவதும் தாங்கப்பட்ட தண்டவாளம் நடுவில் தொய்வதில்லை. எளிய பொருள்களில் அமைந்த நல்ல பொறியியல் சிந்தனை இது. எஃகுப் பேரிங்கு மென்மையான அலுமினியத்தில் நாளடைவில் தடம் பதிக்கும் என்பது அதன் குறை. ஆனால் தேய்ந்த பட்டையை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

அங்குலமும் ஈரக்காற்றும்

நூலின் பெருங்குறை பொருள் தேர்வில் இருக்கிறது. எந்திரத்தின் உடல் முழுவதும் எம்.டி.எஃப். பலகை. மரநாரைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்யும் இப்பலகை சமமானது, கணுவற்றது, அறுக்க எளியது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி ஊதும் தன்மை கொண்டது. முக்கியமாக அறுபட்ட ஓரங்களில். அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் கடற்காற்று வீசாத நாளில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவும் சன்னலும் இறுகிக்கொள்வதை நாம் அனைவரும் அறிவோம். வீட்டுக் கதவு இறுகினால் இழைப்புளி போட்டுச் சரிசெய்யலாம். எந்திரத்தின் பக்கப்பலகை ஊதினால் அதன்மேல் அமைந்த தண்டவாளம் முழுவதும் திசை மாறிவிடும். எம்.டி.எஃப். பலகையைப் பயன்படுத்துவோர் ஓரங்களுக்குப் பசையோ வார்னிஷோ இரண்டு முறை பூசி மூடுவது கட்டாயம். அதைவிட நல்லது, நீர் தாங்கும் தரமான பிளைவுட்டோ அலுமினியச் சட்டமோ பயன்படுத்துவது.

அடுத்தது அளவு முறை. நூல் அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்டது. முக்கால் அங்குலப் பலகையைக் கணக்கில் கொண்டது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். நம் கடைகளில் பலகையின் நீள அகலம் இன்றும் எட்டுக்கு நான்கு அடி என்று சொல்லப்பட்டாலும், தடிமன் 18 மில்லிமீட்டர் என்றே கிடைக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால், இரண்டு பலகைகளுக்கு இடையே அமையும் நகரும் பகுதி இரண்டு மில்லிமீட்டர் தளர்ந்துவிடும். போல்ட்டுகளின் நிலை இதற்கு நேர்மாறு. 8 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்கில் 5/16 அங்குலப் போல்ட்டு 7.94 மில்லிமீட்டராகச் சற்றுத் தளர்வாக உட்காரும். நம் ஊரின் எம்8 போல்ட்டு சரியாகப் பொருந்தும். ஆகவே படத்தை அப்படியே பின்பற்றாமல், கையிலுள்ள பொருளை முதலில் அளந்து, படத்தை அதற்கேற்ப மாற்றி வரைந்துகொள்வதே அறிவுடைமை. உண்மையில், மாணவருக்கு மிகுந்த பயன் தருவதும் அந்த மறுவரைவுதான்.

பார்வையற்ற எந்திரம்

வீட்டு எந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான மற்றொரு குறையையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை எந்திரங்களில், நகர்ந்த தொலைவை அளந்து திரும்பத் தெரிவிக்கும் உணர்கருவிகள் உண்டு. வீட்டு எந்திரத்தில் கட்டளை போகும், பதில் வராது. வெட்டுமுனை கணுவில் சிக்கி மோட்டார் ஒரு கணம் தடுமாறினால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது. ஒரு தடுமாற்றத்தில் மோட்டார் நான்கு முழுப் படிகளையோ அதன் மடங்குகளையோ தவறவிடும். மேலே சொன்ன திருகில் அது 0.16 மில்லிமீட்டர். அதற்குப் பின்வரும் ஒவ்வொரு கோடும் அந்த அளவு தள்ளியே விழும். இதனுடன் மரைக்கும் திருகுக்கும் இடையிலுள்ள ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது. திசை மாறும்போதெல்லாம் அந்த ஆட்டம் தீரும் வரை திருகு சுற்றும், வெட்டுமுனை நகராது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வெட்டுமுனைக்குப் பதில் ஒரு பேனாவைப் பொருத்துங்கள். தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும் சிக்குக்கோலம் ஒன்றை எந்திரத்தைக் கொண்டு வரையச் செய்யுங்கள். ஒரே தாளில், தாளை அசைக்காமல், அதே கோலத்தைப் பத்து முறை மேலுக்குமேல் வரையட்டும். பத்துக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, வளைவுகள் மட்டும் திரும்புமிடங்களில் தட்டையாகத் தெரிந்தால் அது திருகின் ஆட்டம். ஏனெனில் ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில்தான் பிழை செய்யும். கோலம் முறைக்கு முறை விலகிக்கொண்டே போனால் படிகள் தவறுகின்றன. வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கோலத்தைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக மட்டுமன்று. கோடு எல்லாத் திசைகளிலும் திரும்பித் திரும்பிச் செல்வதால் எந்திரத்தின் குறை ஒளிந்துகொள்ள இடமில்லை. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் தைத் திருநாளையொட்டி நடக்கும் கோலப் போட்டியில் பெண்கள் கையாலேயே இத்துல்லியத்தை எட்டுவதைக் காணலாம். கோலத்தில் ஒழுங்கான விதிமுறை ஒன்று ஒளிந்திருப்பதைத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1970களிலேயே கணிப்பொறி மொழியியலில் எடுத்துக்காட்டினர். விதியால் எழுதக்கூடிய எதையும் எந்திரத்துக்குச் சொல்லித்தரலாம் அல்லவா?

பேனாச் சோதனையில் வெட்டுவிசை இல்லை. எனவே விறைப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வெட்டுமுனையை வில்தராசால் 2 கிலோ அளவுக்கு இழுத்து, எவ்வளவு விலகுகிறது என்பதை டயல் கேஜில் படித்துக்கொள்ள வேண்டும். திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டிய உண்மையான எண் அதுதான்.

சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள்

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம் என்ற பரிந்துரையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ரூட்டரின் வெட்டுமுனை நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. எம்.டி.எஃப். தூளில் பசையும் கலந்திருக்கும். தியாகராய நகரின் அடுக்குமாடி வீட்டில், மூடிய அறையில், இத்தூளைக் கிளப்பிக்கொண்டு ஓர் எந்திரம் மூன்று மணி நேரம் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். அண்டை வீட்டார் சத்தத்துக்காகச் சண்டைக்கு வருவது ஒருபுறமிருக்க, வீட்டுக் குழந்தைகள் மூச்சில் இழுப்பது அந்தத் தூளைத்தான்.

தூளை உறிஞ்சும் கருவியும், எந்திரத்தை மூடும் பெட்டியும், மூக்கை மூடும் தரமான முகக்கவசமும், கண்ணாடியும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர வேண்டியவை. எந்திரத்தின் உலோகப் பகுதிகள் அனைத்தும் எர்த் இணைப்புப் பெற வேண்டும். 230 வோல்ட்டு மின்சாரத்தை ஒரே தட்டில் துண்டிக்கும் சிவப்புக் குமிழ் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மழுங்கிய முனை மரத்தைத் தேய்த்துப் புகையச் செய்வது அரிதன்று. ஆகவே ஓடும் எந்திரத்தை விட்டு அகலக் கூடாது. சுழலும் முனைக்கருகில் கையுறையும் தொங்கும் துப்பட்டாவும் ஆபத்தானவை.

யாருக்காக, எதற்காக?

கடைசியாக ஒரு கேள்வி. மாணவர்கள் இந்த எந்திரத்தை ஏன் செய்கிறார்கள்? ஆயத்தப் பெட்டி ஒன்றை வாங்கி, ஓர் இரவில் திருகுகளை முடுக்கி, பெயரைப் பொறித்துக் காட்டி மதிப்பெண் பெறும் வழக்கம் பரவியிருக்கிறது. முழுமையாகச் செய்துதரும் கடைகளும் இருக்கின்றன. பல குடும்பங்களில் தந்தையின் ஒரு மாதச் சம்பளம் இதில் போகிறது. தேர்வு முடிந்த மறுநாள் அந்த எந்திரம் பரணுக்குப் போய்விடுகிறது. இழப்பு பணம் மட்டுமன்று. வளைவையும் ஆட்டத்தையும் அளந்து பார்க்காத மாணவர் எந்திரத்தை வைத்திருந்தார் என்று சொல்லலாமே தவிர, எந்திரவியலைக் கற்றார் என்று சொல்ல முடியாது.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. புனேக்கு அருகிலுள்ள பாபல் கிராமத்தில், எஸ்.எஸ்.கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், கைவேலையே கல்வியாக நடைபெறுகிறது. மாசசூசெட்ஸ் கழகத்தின் துணையோடு 2002இல் அங்கே ‘ஃபேப் லேப்’ எனும் பொதுத் தொழிற்கூடம் அமைந்தது. அதன் அடிப்படை எளியது: ஆளுக்கொரு எந்திரம் வேண்டாம், ஊருக்கு ஒரு நல்ல எந்திரம் இருக்கட்டும், அதில் ஊருக்குத் தேவையானவை உருவாகட்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் மாணவர்களுக்கான புத்தாக்க மையம் 2008 முதல் இயங்கி வருகிறது. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே, அடையாறு முதல் மயிலாப்பூர் வரையுள்ள கலைக் கல்லூரி மாணவருக்கும் மரவேலைக்காரருக்கும் அத்தகைய கதவு எளிதில் திறப்பதில்லை. பத்து மாணவர் குழுக்கள் பத்து மெலிந்த எந்திரங்களைச் செய்வதைவிட, பணத்தைச் சேர்த்து ஒரு கனத்த எந்திரத்தைச் செய்து கல்லூரியிலேயே விட்டுச் சென்றால், அடுத்த ஆண்டு மாணவர் அதன் குறையைத் திருத்தலாம். அதற்கடுத்த ஆண்டு மாணவர் அதைக் கொண்டு வேறொன்றைச் செய்யலாம்.

எந்திரம் செய்பவர் ஒரு தச்சரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. எந்த மரம் எந்தப் பக்கம் பிளக்கும், வெட்டுமுனையை நரம்போட்டத்தின் எந்தத் திசையில் செலுத்த வேண்டும், பலகையை எப்படிப் பிடித்தால் அது துள்ளாது என்பனவற்றை எந்த நிரலும் சொல்லித்தருவதில்லை. கோயில் வாகனங்களுக்கும் கதவுகளுக்கும் பூவேலை செய்து பழகிய கைக்கு அவை தெரியும். எந்திரம் அவரைப் போட்டியாளராகக் கருதாமல் ஆசானாகக் கொண்டால் இருவருக்கும் நன்மை.

ஆங்கிலத்தில் உள்ள இந்நூலை ஓரளவு ஆங்கிலம் அறிந்த மாணவர்கள் படங்களின் துணையோடு பின்தொடரலாம். தண்டவாள அமைப்பைக் கற்றுக்கொள்ளவும், பகுதிகளை எந்த வரிசையில் பூட்டுவது என்று அறியவும் இது இன்றும் நல்ல வழிகாட்டி. மின்னணுப் பகுதிக்கு இன்றைய ஜிஆர்பிஎல் முறையையும், உடலுக்கு நம் காற்றைத் தாங்கும் பொருளையும், அளவுகளுக்கு மில்லிமீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்க வேண்டியது மோட்டார் அன்று. ஒரு டயல் கேஜும் ஒரு வில்தராசும். அவற்றைக் கொண்டு தம் எந்திரத்தின் குறையைத் தாமே அளந்து, அந்த எண்ணை மறைக்காமல் அறிக்கையில் எழுதும் மாணவருக்குத் தேர்வாளர்கள் கூடுதல் மதிப்பெண் அளிக்க வேண்டும்.